ஆன்லைன் கடை அமைத்துத் தருபவர்களிடம் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு ஒரு நிறுவனம் எங்களுக்கு ஆன்லைன் கடை அமைத்துத் தந்தது. பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் ஆர்டர், ஸ்டாக் அமைப்புகளில் அவர்கள் செய்து வைத்திருந்த வேலை வாடிக்கையாளர்களின் பணத்தோடு விளையாடியது. கடை இயங்குவது வூகாமர்ஸில், அதாவது வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் பிளகினில் (கூடுதல் மென்பொருளில்). குறை மென்பொருளில் இல்லை, அமைத்தவர்களின் கையில்தான்.

முதலில் தெரிந்த அறிகுறி: வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்திருக்கும், கடையில் ஆர்டர் ரத்தாகியிருக்கும். ஆர்டரைத் திறந்தால் வலப்பக்கக் குறிப்பில், பணம் செலுத்தப்படவில்லை, கால வரம்பு முடிந்ததால் ரத்து என்று இருக்கும். அதே ஆர்டர் எண்ணைப் பேமென்ட் கேட்வேயின் (ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் சேவையின்) டாஷ்போர்டில் தேடினால், ரத்தாவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ முன்பே பணம் வந்து சேர்ந்திருக்கும்.

இது நடப்பது இப்படி. வாடிக்கையாளர் ஆர்டர் போட்டதும் அது ‘பெண்டிங் பேமென்ட்’ நிலையில் நிற்கும். பணம் கட்டி முடித்து அவர் கடைப் பக்கத்துக்குத் திரும்பினால் நிலை ‘ப்ராசஸிங்’ (பணம் வந்தது, இனி அனுப்ப வேண்டும்) ஆகிவிடும். திரும்பாமல் டேபை மூடிவிட்டாலோ, போனில் நெட் போய்விட்டாலோ, பணம் வந்த செய்தியைக் கடைக்குச் சொல்ல வேண்டியது கேட்வேயின் வெப்ஹுக், அதாவது கொடுத்து வைத்த முகவரிக்கு அது தானாக அனுப்பும் அறிவிப்பு. எங்கள் வெப்ஹுக்கில் இருந்தது கடையின் முகவரியே அல்ல, உருவாக்கும்போது அவர்கள் பயன்படுத்திய சோதனைத் தளத்தின் முகவரி. செய்தி வராத ஆர்டரை, இன்வென்டரி பக்கத்தில் ‘ஹோல்ட் ஸ்டாக்’ என்ற கட்டத்தில் உள்ள நிமிடக் கணக்குப்படி வூகாமர்ஸ் ரத்து செய்துவிடும். இயல்பாக அது 60 நிமிடம். ரத்தானதும் அந்தச் சரக்கு மறுபடி விற்பனைக்கு வந்து இன்னொருவர் வாங்கிவிடுவார். கடைசி ஒன்றாக இருந்தால் இருவரிடமும் பணம் வாங்கியாயிற்று, கையில் சரக்கு ஒன்றுதான்.

புகார் சொன்னதும் அவர்கள் செய்ததுதான் மிக மோசம். கேட்வே கோளாறு என்று கைகழுவிவிட்டு, ஹோல்ட் ஸ்டாக் கட்டத்தைக் காலியாக்கி, அதற்குத் தனிக் கட்டணமும் கேட்டார்கள். ரத்தாவது நின்றது உண்மை. ஆனால் கட்டத்தைக் காலியாக்கினால், செக்அவுட்டில் இருப்பவருக்காகச் சரக்கைப் பிடித்து வைப்பதும் சேர்ந்து நின்றுபோகும். ஒரே பொருளை இருவர் ஒரே நேரத்தில் வாங்க முடியும். பணம் கட்டாத ஆர்டர்களும் பெண்டிங்கிலேயே குவியும். யாராவது இதைத் தீர்வு என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெப்ஹுக் முகவரியையும், லைவ் கணக்குக்கான ரகசியச் சாவியையும் (செய்தி கேட்வேயிடமிருந்துதான் வந்தது என்று கடை சரிபார்க்க உதவுவது) சரிசெய்வதே தீர்வு. இரண்டும் சரியாக இருந்தும் செய்தி வரவில்லையா? பாதுகாப்புப் பிளகின் அதைத் தடுக்கிறதா என்று பாருங்கள். கேட்வேயின் வெப்ஹுக் பதிவில் 401, 403 என்று அனுமதி மறுக்கும் பதில் வந்திருந்தால் பெரும்பாலும் அதுதான்.

அடுத்தது சைஸ் குளறுபடி. ஸ்டாக்கைச் சைஸ்வாரியாகப் பதியாமல், எல்லாச் சைஸுக்கும் பொதுவான தாய்ப் பதிவில் மொத்தமாக 20 என்று போட்டுவிட்டிருந்தார்கள். அப்போது எல்லாச் சைஸும் அந்த 20ஐப் பங்கிட்டுக்கொள்ளும். மீடியம் தீர்ந்த பிறகும் மீடியம் விற்கும். ஒவ்வொரு வேரியேஷனையும் (இங்கே ஒவ்வொரு சைஸையும்) திறந்து அதற்குள் ‘மேனேஜ் ஸ்டாக்’ டிக் செய்திருக்கிறதா, எண் தனியாக இருக்கிறதா, ‘பேக்ஆர்டர்’ (சரக்கு தீர்ந்த பிறகும் ஆர்டர் எடுப்பது) அனுமதிக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அலுப்பான வேலைதான்.

தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் இன்னொன்றும் இருந்தது: பணம் வந்த எல்லா ஆர்டரையும் உடனே ‘கம்ப்ளீட்டட்’ ஆக்கும் நான்கு வரி நிரல். டவுன்லோட் பொருள் விற்கும் கடையில் இப்படிச் செய்வார்கள். பார்சல் அனுப்பும் கடையில் இதனால் பேக் செய்யும் முன்பே ‘ஆர்டர் நிறைவடைந்தது’ என்று மின்னஞ்சல் போய்விடும். ப்ராசஸிங் பட்டியலும் எப்போதும் காலியாகவே இருப்பதால், எதை அனுப்பினோம், எது பாக்கி என்று தெரியாது.

பணம் கொடுத்து முடிக்கும் முன் இந்தச் சோதனைகளை லைவ் நிலையில் (உண்மையான பணம் கழியும் நிலையில்) நீங்களே செய்யுங்கள். குறைந்த விலையில் ஒரு பொருள் போட்டு, ஸ்டாக் 1 வைத்து வாங்குங்கள். பணம் கழிந்த அந்த நொடியிலேயே டேபை மூடிவிடுங்கள். சில நிமிடங்களுக்குள் ஆர்டர் ப்ராசஸிங் ஆகி ஸ்டாக் 0 ஆக வேண்டும். பிறகு ஸ்டாக்கை மறுபடி 1 ஆக்கி, ஓர் ஆர்டர் போட்டு, பணம் கட்டும் பக்கம் வந்ததும் கட்டாமல் பாதியில் விடுங்கள். அது பிடித்து வைக்கப்பட்டிருக்கும் நேரத்தில் வேறு பிரவுசரில் அதே பொருளை வாங்க முயன்றால் கடை மறுக்க வேண்டும். 60 நிமிடம் கழிந்த பின், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் முதல் ஆர்டர் தானாக ரத்தாக வேண்டும். ஆகவில்லை என்றால் பெரும்பாலும் வேர்ட்பிரஸின் க்ரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகச் செய்யும் அமைப்பு) ஓடவில்லை. உள் க்ரானை நிறுத்திவிட்டு, சர்வரில் மாற்று க்ரான் போட மறந்திருக்கலாம். கடைசியாக ஒரு ரீஃபண்ட் செய்து பாருங்கள். சரக்கைத் திரும்பச் சேர்க்கும் டிக்கை அங்கே எடுத்துவிட முடியும். உடைந்து திரும்பிய பொருளுக்கு அதை எடுக்காவிட்டால் அது மறுபடி விற்பனைக்குப் போய்விடும்.

ஏற்கெனவே இப்படி ஏமாந்த கடை என்றால், அமைப்பைத் திருத்தியதோடு ஸ்டாக் எண் சரியாகிவிடாது. ரத்தான ஆர்டரைக் கையால் ப்ராசஸிங்குக்கு மாற்றியிருந்தால் சில பொருள்களில் -1 என்றுகூட நிற்கும். அலமாரியில் இருப்பதை எண்ணுங்கள். பணம் வந்து இன்னும் அனுப்பாதவற்றை அதிலிருந்து கழித்து, மீதியைப் பதியுங்கள். எண்களைச் சிஎஸ்வி கோப்பு (அட்டவணைக் கோப்பு) வழியாக மொத்தமாக ஏற்றுவதானால் எண்ணத் தொடங்கியது முதல் ஏற்றி முடியும்வரை விற்பனையை நிறுத்தி வையுங்கள். இடையில் விற்றதைக் கோப்பிலுள்ள பழைய எண் அழித்துவிடும்.