மேலே போட்டிருக்கும் தேதி: குடும்ப வாழ்க்கைத் தளங்களோடு எட்டு வருஷம்

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள். அவளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். "நீதான் ராத்திரி பகலா இதையெல்லாம் படிச்சவளாச்சே. குழந்தை வளர்ப்பு, புருஷன் பெண்டாட்டி சண்டை, இதுக்கெல்லாம் எந்த இணையதளத்தை நம்பலாம்? ஒண்ணே ஒண்ணு சொல்லு." ஒன்றாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

எழுதியவர் யார், ஆதாரம் காட்டுகிறாரா, அறிவுரைக்குப் பக்கத்திலேயே எதையாவது விற்கிறாரா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தளத்தின் முகவரி 'ஆர்க்' (.org) என்று முடிந்தால் நம்பலாம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது தேதியைப் பற்றி. "கடைசியாகப் புதுப்பித்தது" என்று தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்குமே, அது.

என் மகள் 2017-ல் பிறந்தாள். அம்மா தூரத்தில் இருந்தார். பேத்தியை வீடியோவில் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அப்போது நான் தினமும் படித்த ஒரு பெரிய தளத்தில், "2 வயது வரை எந்தத் திரையும் கூடாது" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மேலே அந்த மாதத் தேதி. நம்பினேன். அம்மா அழைத்தால் குழந்தையை அடுத்த அறையில் விட்டுவிட்டுப் பேசினேன். ஏழு மாதத்திலிருந்து பதின்மூன்று மாதம் வரை மகள் சிரித்ததையும் தவழ்ந்ததையும் அம்மா புகைப்படத்தில்தான் பார்த்தார். நேரில் வந்தபோது புதுமுகத்தைக் கண்டு மகள் வீறிட்டு அழுதாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் தெரிந்தது. 2 வயதுக்குள் தொலைக்காட்சி வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி சொன்னது 1999-ல். அதே அகாதெமி 2016 அக்டோபரில் அதை மாற்றிவிட்டது. 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் வீடியோ அழைப்புக்கு விலக்கு உண்டு. என் மகள் பிறப்பதற்கு முன்பே மாறிய விஷயம் இது.

எனக்குச் சந்தேகம் தட்டியது. இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தின் முகவரியைப் போட்டு, ஒவ்வொன்றாகத் திறந்தேன். தேதி ஒவ்வொன்றிலும் வேறு. உள்ளே ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. தளத்துக்கு எழுதினேன். நன்றி, பரிசீலிப்போம் என்று பதில் வந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அதே வாசகம், தேதி மட்டும் புதுசு.

தேதியே போடாத பக்கத்தை நான் மன்னிப்பேன். அதைப் படிக்கும்போது நாமே எச்சரிக்கையாக இருப்போம். பொய்த் தேதி அந்த எச்சரிக்கையைப் பிடுங்கிக்கொள்கிறது. பச்சைக் குழந்தையை மல்லாக்கவோ ஒருக்களித்தோதான் படுக்க வைக்க வேண்டும் என்று அகாதெமி 1992-ல் சொன்னது. அதற்கு முன் குப்புறப் போடுங்கள் என்பதே பல இடங்களில் அறிவுரை. இப்படி உயிரைத் தொடும் விஷயத்தில்கூட அறிவுரை தலைகீழாக மாறும் துறை இது.

இணையத்தில் வரும் மருத்துவத் தகவலை எடைபோடும் தர அளவுகோல்களும் இங்கே கைகொடுக்கவில்லை. 1997-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த நான்கு அளவுகோல்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன: எழுதியவர், ஆதாரம், உரிமையாளர் விவரம், தேதி. அந்தப் பக்கம் நான்குக்கு நான்கு வாங்கும். தேதி இருக்கிறதா என்று கேட்கிறார்களே தவிர உண்மையா என்று கேட்பதில்லை. 1999-ல் வந்த டிஸ்செர்ன் என்ற தர மதிப்பீட்டுக் கேள்வித்தாளின் 16 கேள்விகள் சிகிச்சைத் தகவலுக்காக எழுதப்பட்டவை. அதில் ஒரு கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: எது இன்னும் தெளிவாகவில்லை என்று இந்தப் பக்கம் சொல்கிறதா? குடும்ப விஷயத்தில் அப்படிச் சொல்லும் தளங்கள் அபூர்வம். தம்பதியர் பகுதியைத் திறந்தால் "பேச்சில் 93 சதவீதம் சொற்களில் இல்லை" என்று அடித்துச் சொல்வார்கள். அந்த எண்ணுக்கு மூலமான, 1967-ல் உளவியலாளர் மெஹ்ராபியன் செய்த ஆய்வுகள், சொல்லும் குரலும் முகமும் முரண்படும்போது ஒருவரின் விருப்பு வெறுப்பை எதை வைத்து எடைபோடுகிறோம் என்பதைப் பற்றியவை. எல்லாப் பேச்சுக்கும் அதைப் பொருத்துவது தவறு.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு. அலங்காரமே இல்லாத ஒரு சின்னத் தளத்தில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு வரி இருக்கும்: முன்பு இப்படி எழுதியிருந்தோம், இன்ன காரணத்தால் மாற்றினோம். முதல் தடவை பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. தவறை ஒப்புக்கொண்டு நம்மை மதித்த ஒரே இடம் அதுதான்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டுமே. என்னைக் கோபப்படுத்திய அந்தப் பெரிய தளத்தில் தம்பதியர் சண்டை பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அதைவிட நல்லதை நான் எங்கும் படித்ததில்லை. நெஞ்சு படபடக்கும்போது காதில் எதுவும் ஏறாது, 20 நிமிடமாவது விலகி இருங்கள், போகும்போது எப்போது திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள் என்கிறது. அந்தக் கடைசி வரிதான் எங்கள் வீட்டை மாற்றியது. முன்பெல்லாம் கணவர் கதவைச் சாத்திக்கொண்டு போவார், நான் உள்ளே வெந்துகொண்டிருப்பேன். இப்போது "அரை மணியில் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். வந்தும் விடுகிறார்.

இவ்வளவு நல்லது செய்த தளம்தான். இருந்தாலும் தோழிக்கு அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. சின்னத் தளத்தின் முகவரியைக் கொடுத்தேன். கூடவே சண்டைப் பக்கத்தின் இணைப்பையும் அனுப்பி, "இதை மட்டும் படி. அந்தத் தளத்துல வேற எதையும் தொடாதே. உன் அம்மா வீடியோவில் கூப்பிட்டா குழந்தையைக் காட்டு" என்று எழுதினேன்.