தேங்காய் ஊற்றாத குழம்பு

திருச்சி கே.கே. நகரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு அக்கா இருக்கிறார். வீட்டிலேயே சமைத்து, ஃப்ரீசரில் உறைய வைத்து, பாக்கெட் பாக்கெட்டாக விற்கிறார். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. கேட்டில் தொங்கும் அட்டையில் உணவுப் பாதுகாப்புத் துறை கொடுத்த 14 இலக்கப் பதிவு எண் மட்டும் இருக்கும். புதன்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் பட்டியல் போடுவார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் சனிக்கிழமை மாலை நாமே போய் வாங்கிக்கொள்ள வேண்டும். பிப்ரவரியிலிருந்து வாங்குகிறேன். எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது என்று கேட்கும் தோழிகளுக்கு ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் என் நிலவரம். ஆபீஸ் முடிந்து வீடு வர ஆறேமுக்கால் ஆகும். கணவருக்குத் திருவெறும்பூர் பக்கம் ஷிஃப்ட் வேலை. அவர் ஒரு வாரம் காலையில் கிளம்புவார், ஒரு வாரம் ராத்திரியில் கிளம்புவார். பிள்ளைகள் இரண்டு பேர், எட்டு மணிக்குச் சாப்பாடு தட்டில் விழவில்லையென்றால் பிஸ்கட் டப்பாவைத் திறந்துவிடுவார்கள். அப்புறம் அத்தை. "ஐஸ்ல வச்ச கொழம்பை நான் தொடமாட்டேம்மா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பொங்கலுக்கு மறுநாள், மிச்சமான சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுச் சுண்ட வைத்து, சுண்டக்குழம்பு என்று மூன்று நாள் ஆசையாகப் பரிமாறுகிறவரும் அதே அத்தைதான். அதைச் சொல்லிக் காட்டினால் வீட்டில் சமாதானம் இருக்காது என்பதால் நான் சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை வெஜ் குருமா வாங்கினேன். அதுதான் நான் செய்த தப்பு. சூடாக்கியதும் தேங்காய் ஒரு பக்கம் திரிதிரியாக ஒதுங்கிவிட்டது, தண்ணீர் ஒரு பக்கம் நின்றது. உருளைக்கிழங்கைக் கடித்தால் ஈரப் பஞ்சைக் கடித்த மாதிரி இருந்தது. அதிலிருக்கும் தண்ணீர் உறையும்போது உள்ளே ஊசி ஊசியாகப் படிகமாகிக் கிழங்கைக் கிழித்துவிடும், திரும்ப இளகும்போது அந்தத் தண்ணீர் வெளியே வந்துவிடும். இதில் சமைத்தவர் கைப்பக்குவத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் உறைய வைத்தால் கெடும் என்று தெரிந்த பொருளைப் பட்டியலில் போடுவானேன்? கேட்டேன். "எல்லாரும் கேக்குறாங்கம்மா, என்ன செய்ய" என்றார். பெரியவள் சப்பாத்தியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள்.

இரண்டாம் வாரம் கொண்டைக்கடலைக் குழம்பு. இதில்தான் அந்த அக்காவின் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. அரை கிலோ பாக்கெட், 140 ரூபாய். தட்டையாகப் பரப்பி உறைய வைத்திருப்பதால் நோட்டுப் புத்தகம் மாதிரி ஃப்ரீசரில் நிறுத்தி அடுக்கலாம், இளகுவதற்கும் நேரமாகாது. மேலே ஒட்டிய சீட்டில் பேனாவால் எழுதியிருந்தது: 'இறக்கும் முன் கால் மூடி தேங்காய் அரைத்து ஊற்றவும். தாளிப்பு உங்களுடையது.' அதாவது புளி கரைத்து, மசாலா பச்சை வாசனை போகக் கொதித்து, கடலை வெந்து, எண்ணெய் லேசாகப் பிரிந்த இடத்தில் அக்கா அடுப்பை அணைத்துவிடுகிறார். மிச்ச வேலை நமக்கு.

காலையில் கிளம்பும்போதே பாக்கெட்டை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஒரு தட்டில் வைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவேன். சமையல் மேடையில் வைத்து இளக விடுவது நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. மாலையில் சட்டியில் கவிழ்த்தபோது முதல் ஐந்து நிமிடம் எனக்கு நம்பிக்கையே இல்லை. நடுவில் ஒரு பனிக்கட்டி, சுற்றிலும் கலங்கலான தண்ணீர், வாசனையும் இல்லை. தளதளவென்று கொதி வந்ததும் மல்லியும் பூண்டும் மேலே வந்தன. தேங்காயை ஊற்றி ஒரு கொதி, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் கிள்ளிய மிளகாயும் நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டியாயிற்று. தாளிக்கும் சத்தம் கேட்டு அத்தை டிவியின் முன்னாலிருந்து எழுந்து வந்து, "எப்பம்மா கடலை ஊறப்போட்டே?" என்றார். நான் பதில் சொல்லாமல் அப்பளம் பொரிக்கப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து இந்தக் கடையில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: கடைசி வேலையை நமக்கு மிச்சம் வைத்த பாக்கெட்டா, முழுசாக முடித்த பாக்கெட்டா? மிச்சம் வைத்ததென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வேக வைத்து மசித்த துவரம்பருப்பு, வெங்காயத் தக்காளித் தொக்கு, சால்னா எல்லாம் அந்த ரகம். சால்னாவுக்கு அரைத்த தேங்காய் கசகசாவைத் தனியாக ஒரு குட்டிப் பொட்டலத்தில் உறைய வைத்துக் கூடவே கட்டித் தருகிறார்.

பட்டியலில் எனக்கு ரொம்பப் பிடித்தது பருப்பு உருண்டைதான். ஆவியில் வேக வைத்த உருண்டைகள், பன்னிரண்டு 90 ரூபாய். உருண்டைக் குழம்பு என்றால் ஊறப்போட்டு, கரகரப்பாக அரைத்து, உருட்டி, வேக வைத்து என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தின்றுவிடும். உருட்டியதை நேராகக் குழம்பில் போட்டால் கரைந்துவிடுமோ என்ற பயம் வேறு. இவை ஏற்கெனவே வெந்தவை என்பதால் ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கொதிக்கிற புளிக்குழம்பில் நேராகப் போடலாம். பத்து நிமிடத்தில் குழம்பைக் குடித்துக் கொஞ்சம் பருத்து நிற்கும். உடைத்துப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக உலர்ந்த இடமே இல்லை. சோம்பு மட்டும் ஒரு சிட்டிகை அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

பரோட்டா ஐந்து 75 ரூபாய். அரைவேக்காட்டில் எடுத்து, நடுவில் பட்டர் பேப்பர் வைத்திருக்கிறார். இளக வைக்கக் கூடாது. உறைந்தபடியே தோசைக்கல்லில் போட்டு, மிதமான தீயில் இரண்டு பக்கமும் சிவந்ததும் மூன்றை ஒன்றாக அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஒரு அடி. சூட்டோடு அடித்தால்தான் அடுக்கு பிரியும். இந்த வேலையைக் கணவர் தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் அடிக்கிற அடியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைக்கிறார்களோ.

குறைகளும் உண்டு. பாக்கெட்டில் செய்த தேதி சில வாரம் இருக்கிறது, சில வாரம் இல்லை. நான் இப்போது வாங்கியதும் முதல் வேலையாக மார்க்கரால் தேதி எழுதிவிடுகிறேன், இரண்டு மாதத்துக்கு மேல் எதையும் வைப்பதில்லை. மே மாதம் ஒரு தடவை பரோட்டாக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலெல்லாம் வெள்ளைப் பனித்தூளோடு வந்தன. எங்கோ இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். திருப்பிக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் பணத்தைக் கொடுத்தார், ஆனால் காரணம் சொல்லவில்லை. சிக்கன் சால்னா வாங்கும் வாரங்களில் அதனால் பாக்கெட்டை அங்கேயே அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். கல் மாதிரி இருக்க வேண்டும்.

மின்தடைக்கு ஒரு வழி சொல்கிறேன், இது அக்கா சொல்லிக் கொடுத்தது. ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிட வேண்டும். பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் போன நாளில் வந்து பார்த்தால் காசு மேலேயே இருக்கும். ஊருக்குப் போய்விட்டு வரும்போது காசு டம்ளரின் அடியில் கிடந்தால், நாம் இல்லாத நேரத்தில் எல்லாம் இளகித் திரும்ப உறைந்திருக்கிறது என்று அர்த்தம், மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். ஃப்ரீசர் நிறைந்திருந்து, நடுவில் கதவைத் திறக்காமலும் இருந்தால் ஒரு பகல் கரண்ட் இல்லாததை அது தாங்கும். எங்கள் வீட்டில் சின்னவன் காசைப் பார்ப்பதற்காகவே கதவைத் திறக்கிறான், அது வேறு கதை.

முட்டைக் குழம்பு (வெள்ளைக்கரு ரப்பர் ஆகிவிடுகிறது), முருங்கைக்காய் போட்ட எதுவும், மோர்க்குழம்பு, இவற்றையெல்லாம் நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன். உறைந்த சாதமும் விற்கிறார். குக்கரில் இருபது நிமிடத்தில் ஆகிற சாதத்துக்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வாரத்துக்கு 500 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது, அதில் மூன்று ராத்திரி ஓடுகிறது. ஓட்டலில் வாங்கினால் ஒரு ராத்திரிக்கே அவ்வளவாகும். நாமே ஞாயிற்றுக்கிழமை செய்து வைத்தால் இதில் பாதிகூட ஆகாது, வாஸ்தவம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது யார் என்று சொன்னால் நானும் செய்யத் தயார்.

போன சனிக்கிழமை எனக்குக் கால் வலி என்று அத்தையே மஞ்சள் பையோடு கிளம்பிப் போனார். நாலு தெரு போய்வர ஒரு மணி நேரம். கேட்டிலேயே நின்று அந்த அக்காவுக்குச் சுண்டக்குழம்பு வைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பையில் உருண்டை மூன்று பாக்கெட் இருந்தது. நான் வாங்கச் சொன்ன சால்னாவை மறந்துவிட்டார். "சோம்பைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லியிருக்கேன்" என்றார்.