சுருள் நாடா இயந்திரமா, நான்கு தடக் கேசட் கருவியா?

பினாங்கில் வீட்டிலேயே இசையமைக்கும் நம் இளைஞர்கள் ஒலி விளைவுகளுக்காகப் பழைய ஒலிநாடாவை நாடும்போது, அவர்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன: கால் அங்குல நாடா ஓடும் சுருள் இயந்திரம், அல்லது 1979இல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ என்ற பெயரில் அறிமுகப்படுத்திய வகையிலான, ஒரே நாடாவில் நான்கு ஒலிகளைத் தனித்தனி வரிசைகளில் (தடங்களில்) பதியும் நான்கு தடக் கேசட் கருவி.

எதிரொலிதான் நோக்கம் என்றால் சுருள் இயந்திரத்துக்கு ஈடில்லை. நாடாவில் ஒலியைப் பதியும் முனையான பதிவு ஹெட்டும், அதைப் படித்து ஒலிக்கச் செய்யும் வாசிப்பு ஹெட்டும் தனித்தனியாக உள்ள இயந்திரத்தில், நாடா ஒன்றிலிருந்து மற்றொன்றை அடையும் நேரமே எதிரொலியின் இடைவெளியாகிறது. நடுவே 2 அங்குலம் இருந்து, நாடா நொடிக்கு 7.5 அங்குலம் ஓடினால், ஒலி சுமார் 0.27 நொடி கழித்துத் திரும்பும். அதையே மீண்டும் உள்ளீட்டுக்கு அனுப்பினால், ஒவ்வொரு சுற்றிலும் கூர்மை மழுங்கி, அடுக்கடுக்காகப் பெருகும் அந்த அழகுக்காகவே இவ்வியந்திரத்தை வாங்கலாம்.

கேசட் கருவியின் பலம் வேறு. உறுமியின் இழுப்போசையை அதில் பதிந்து, கேசட்டைத் திருப்பிப் போட்டால், நான்கு தடங்களும் பின்னோக்கி ஒலிக்கும். அப்போது முதல் தடம் நான்காவதாக மாறிவிடும் என்பதால், எதன் மேல் பதிகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். வேகத் திருகை மெல்ல அசைத்தாலே சுருதி தள்ளாடும். இரைச்சல் சற்று அதிகம்தான்.

நம் ஊரின் ஈரப்பதம் இரண்டுக்குமே பகை. ஆயினும், 1970களிலும் 1980களிலும் வந்த சில சுருள் நாடாக்களின் பசைப்பூச்சு ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். பராமரிக்க இடமும் பொறுமையும் உள்ளவர் சுருள் இயந்திரத்தை வாங்கலாம். அடுக்குமாடி வீட்டில் தொடங்குபவருக்குக் கேசட்டையே பரிந்துரைப்பேன்.