நூலா, குட்டிப் பிரஷ்ஷா, தண்ணீர் மெஷினா?

பல் தீட்டித் துப்பினால் பேசினில் இளஞ்சிவப்பு. இரண்டு வருடம் கண்டும் காணாமல் இருந்தேன். ஒருநாள் கோல்ஃபேசில் உப்புத்தூள் போட்ட கொய்யாக்காயைக் கடித்தபோது காயிலேயே இரத்தம். எனக்குச் சீனி வருத்தமும் உண்டு. அது இருந்தால் முரசு (ஈறு) நோய் கெதியில் முற்றும். பல் வைத்தியர் ஸ்கேலிங் செய்துவிட்டு, "கல்லாய் இறுகின காறையை வீட்டில ஒண்டாலும் எடுக்கேலாது. திரும்பப் படியாமப் பாக்கிறது உங்கட வேலை" என்றார். (செலவுக்கு யோசிப்பவர்களுக்கு கொழும்பு வோர்ட் பிளேஸில் அரசாங்கப் பல் வைத்தியசாலை இருக்கிறது.)

சாதாரண பிரஷ் பல்லிடுக்குக்குள் போகாது. அந்த இடுக்குக்காகத்தான் இடையில் விட்டு இழுக்கும் நூல் (floss), உள்ளே நுழையும் குட்டிப் பிரஷ் (interdental brush), தண்ணீர் பீச்சும் மெஷின் (water flosser) மூன்றையும் பாவித்துப் பார்த்தேன்.

நூல் மலிவு. நெருக்கமான பற்களுக்கு அதுதான் சரி. என் முன்பற்களுக்கு இன்றும் நூல்தான். கடைவாயில்தான் சிக்கல்: இரண்டு கை விரலும் வாய்க்குள், எச்சில் முழங்கை வரை.

தண்ணீர் மெஷின் மச்சாளுடையது. மூன்று கிழமைதான் வைத்திருந்தேன். சாப்பாட்டுத் துணிக்கைகளை நன்றாக அடித்துத் தள்ளுகிறது. பல்லுக்குக் கம்பி போட்ட மருமகள் அதை விடமாட்டாள். ஆனால் நாக்கால் தடவினால் பல்லில் அந்த வழுவழுப்பு எனக்கு வரவில்லை. மூன்று கிழமையை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் நியாயமில்லை.

நான் நிலைத்தது குட்டிப் பிரஷ்ஷில். முரசு இறங்கியவர்களுக்கு வேர்ப்பக்கம் வெளியே தெரியும். அங்கே பல் தட்டையாக இல்லாமல் உட்குழிந்திருக்கும். இழுத்துப் பிடித்த நூல் அந்தக் குழியைத் தாண்டிப் போய்விடும், பிரஷ்ஷின் மயிர்தான் உள்ளே இறங்கும். முதல் இரவு வெளியே எடுத்ததை மணந்து பார்த்தேன். கருவாட்டுச் சட்டி! அதற்கு முன்தான் இரண்டு நிமிடம் பல் தீட்டியிருந்தேன்.

எல்லாம் அளவில்தான் இருக்கிறது. சிறியது சும்மா போய் வரும், பெரியது முரசைக் குத்தும். லேசாக உரசிக்கொண்டு போகவேண்டும், பிரஷ்ஷின் நடுக்கம்பி பல்லில் முட்டக்கூடாது. எனக்கே இரண்டு அளவு தேவைப்படுகிறது: முன்கடைவாய்க்குச் செம்மஞ்சள், பின்னுக்கு நீலம். நிறம் கொம்பனிக்குக் கொம்பனி மாறும், அதனால் முதல்முறை வைத்தியரிடமே அளவு பார்ப்பது நல்லது. ஒன்று எனக்குப் பத்து நாள் வரும், கழுவிக் காயவிடுவேன். மயிர் சாய்ந்தாலோ கம்பி வளைந்தாலோ குப்பைதான். நூலைவிடச் செலவு கூட, மறைக்கவில்லை.

கிருமி கொல்லும் குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பு? வைத்தியர் சொன்ன இரண்டு கிழமையோடு நிறுத்திவிட்டேன். நாளுக்கு ஐந்து பிளேன்ரீ குடிக்கிறவன் நான். பல் மண்ணிறமாகிவிட்டது, கறியில் உப்பும் விளங்கவில்லை.

முதல் நாட்களில் இரத்தம் வந்ததும் கை பின்வாங்கியது. விடாமல் செய்ததில் இரண்டாம் கிழமை அநேகமாக நின்றுவிட்டது. மேல் இடப்பக்கம் ஒரு இடுக்கு மட்டும் இன்னும் கசிகிறது. அங்கே நீலம் இறுக்கம், செம்மஞ்சள் தளர்வு. இடைப்பட்ட சிவப்பைத்தான் இப்போது வெள்ளவத்தைப் பாமசிகளில் தேடித் திரிகிறேன்.