தைத்து முடித்த குயில்ட் போர்வைகளும் காரைக்குடியில் ஒரு தையல் கடையும்

காரைக்குடி பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. ஜாக்கெட்டும் சுடிதாரும்தான் அங்கே முக்கிய வேலை. ஆனால் கையால் தைத்த குயில்ட் போர்வையை, அதாவது துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த போர்வையை, எடுத்துக்கொண்டு போனால் லேபிள் வைத்துத் தருவார்கள், சுவரில் மாட்டுவதற்குப் பின்பக்கம் உறை தைத்துத் தருவார்கள், எடுத்து வைக்கப் பை தைப்பார்கள், விற்க வேண்டுமென்றால் விற்றும் கொடுப்பார்கள். குயில்ட் தைக்கச் சொல்லிக்கொடுக்க யூடியூபில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தைத்து முடித்த பிறகு அதை என்ன செய்வது என்று உட்கார்ந்து பேச எனக்குக் கிடைத்த இடம் இது ஒன்றுதான். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் செட்டிநாட்டு வீடுகளில் இடத்துக்குப் பஞ்சமில்லை. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், அறைக்குள் அறை, அதற்கு மேல் பரண். சீராக வந்த பித்தளையும் எனாமல் பாத்திரமும் தலைமுறை தாண்டியும் அப்படியே இருக்கும். என் போர்வைகளும் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. இந்த ஊர் வெயிலுக்குப் போர்வை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஏசி அறைக்கு வேண்டியிருக்கிறது, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், மத்தியானம் ஆத்தங்குடிக் கல் தரையில் விரித்துப் படுக்க இதைவிட இதமாக ஒன்று கிடையாது. தேவை இல்லாமல் இல்லை. எது யாருக்கு என்று பிரிப்பதுதான் பெரிய வேலை.

கடையை நடத்தும் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். மூட்டையைப் பிரித்ததும் அளவும் எடுக்கவில்லை, விலையும் சொல்லவில்லை. "ஆச்சி, ஒவ்வொண்ணும் யாருக்குன்னு முதல்ல சொல்லுங்க. என்ன வேலை பார்க்கணும்னு அப்புறம் பார்ப்போம்" என்றார். சிலவற்றுக்கு என்னிடம் பதில் இருந்தது. இல்லாதவற்றைத் தனியாக ஒரு பெஞ்சில் எடுத்து வைத்துவிட்டார்.

பதில் இருந்தவற்றில் முதலாவது, என் ஆயாவின், அதாவது பாட்டியின், கண்டாங்கிச் சேலைகளை வெட்டித் தைத்தது. காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல்தான் என்றாலும், நம் வீட்டுப் பெண்களுக்கு அதன் அருமை அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். கனமான பருத்தி, பெரிய பெரிய கட்டம், அகலமான கரை. உடல் நைந்துபோன சேலையில்கூடக் கரை திடமாக நிற்கும். பிறக்கப்போகும் கொள்ளுப்பேரனுக்கோ பேத்திக்கோ அது போக வேண்டும் என்பது என் ஆசை. அதைச் சொன்னதும் அவர் ஒரு வெள்ளை மல் துணியை நனைத்துப் பிழிந்து, போர்வையில் இடம் இடமாக அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். ஆயாவின் சேலைத் துண்டுகளில் ஒன்றும் வரவில்லை, அத்தனை வருடம் துவைத்துக் கட்டியது. ஓரப்பட்டிக்குப் புதிதாக வாங்கிப் போட்டிருந்த அரக்குத் துணியில் தேய்த்தபோது மல் துணியில் ரோஸ் நிறம் ஏறிவிட்டது. "பிள்ளை ஓரத்தைத்தான் பிடிச்சுச் சப்பும் ஆச்சி" என்றார். பட்டியை முழுக்கப் பிரித்து, என்னிடம் மிச்சமிருந்த பழைய கரையை வைத்தே மாற்றித் தைத்துக் கொடுத்தார். மூலைகள் நான்கும் மடிப்பு பிசகாமல் கூராக வந்திருக்கின்றன. கூலி 350 ரூபாய். இந்த ஒரு வேலைக்காகவே இந்தக் கடையை நான் யாருக்கும் சொல்வேன்.

இன்னொன்று நடுவில் பஞ்சு வைக்காமல் பழஞ்சேலையையே அடுக்கி, நூலோட்டம் ஓட்டியது. கையில் எடுத்தால் கனமே தெரியாது. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடக்கும் என் தம்பி மகனுக்கு என்று சொன்னேன். தை மாதத்துப் பனியில் வழியெல்லாம் தங்கிப் படுக்க அவனுக்கு ஏதாவது வேண்டும். சுருட்டிக் கட்டுவதற்கு இரண்டு நாடா வைத்துத் தைத்துவிட்டு, அதற்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

லேபிள் விஷயத்தில் அவர் கறார். சமையலறைச் சாமான் ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டி வைக்கும் வீடுகள் நம்முடையவை. மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்த போர்வையில் தைத்தவள் பெயர் இல்லாமல் போவது எனக்கும் பொறுக்கவில்லை. தைத்தவர், ஊர், வருடம், யாருக்கு, யாருடைய சேலை, எப்படித் துவைப்பது, இவ்வளவும் ஒரு சின்னப் பருத்தித் துண்டில் நூலால் எழுதிப் பின்பக்க மூலையில் வைக்கிறார்கள். 60 ரூபாய்தான். எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம், கண்ணாடி போட்டுக்கொண்டே நான் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுவரில் மாட்டும் வேலையில் ஒரு குறை உண்டு. பின்பக்க மேல் ஓரத்தில் நான்கு அங்குல அகலத்துக்கு ஓர் உறை தைத்து, அதற்குள் கம்பியைச் செருக வேண்டும். தையல் பின் துணியோடு நிற்க வேண்டும், முன்பக்கம் தெரியக் கூடாது. கடையில் வேலை பார்க்கும் பையன் மிஷினில் ஓட்டிவிட்டான், முன்பக்கம் நேர்கோடாகத் தையல் தெரிந்தது. சொன்னதும் பிரித்துக் கையால் போட்டுத் தந்தார்கள். கொடுக்கும்போதே "கைத்தையல்தான் வேண்டும்" என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள். மாட்டுகிறவர்கள் முற்றத்து வெயில் நேராக விழும் சுவரில் மாட்டாதீர்கள், சாயம் வெளுத்துவிடும். நான் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், வெளிச்சம் மட்டும் வரும் சுவரில் மாட்டியிருக்கிறேன். கொஞ்ச நாள் கழித்து இறக்கிவிட்டு வேறொன்று மாட்டுவேன்.

எடுத்து வைப்பதற்குக் காடாத்துணிப் பை, 180 ரூபாய். பட்டுச்சேலை வரும் பிளாஸ்டிக் கவரில் போர்வையைப் போடவே கூடாது என்கிறார், எனக்கும் அதே கருத்துதான். ஐப்பசி கார்த்திகை மழையில் உள்ளே ஈரம் அடைத்துக்கொண்டால் பூஞ்சைதான் மிஞ்சும். தேக்குப் பெட்டியாகவே இருந்தாலும் மரத்தின் மேல் நேராக வைக்காமல் அடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பழுப்புக் கறை ஏறும். கஞ்சி போட்ட துணியைப் பூச்சி தேடி வரும், அதனால் கஞ்சி இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும். பைக்குள் வசம்புத் துண்டு போட ஒரு சின்னப் பாக்கெட் வைத்துத் தைத்திருக்கிறார். நல்ல யோசனை. அப்புறம், ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் வைத்தால் அந்தக் கோட்டிலேயே துணி இற்றுப்போகும், அவ்வப்போது எடுத்து மாற்றி மடிக்க வேண்டும்.

சரி, பெஞ்சில் தனியாக வைத்தவை. பாதிக்கு மேல் புதுப் புது மாதிரிகளைத் தைத்துப் பழகியவை. அவற்றை விற்கக் கொடுத்துவிட்டேன். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் தங்க வரும் வெளியூர்க்காரர்கள் கடைக்கு வருகிறார்கள். ஒற்றைக் கட்டில் அளவுப் போர்வை ஒன்று 3500 ரூபாய்க்குப் போனது. மூன்றில் ஒரு பங்கு கடைக்கு. துணிக்கும் பஞ்சுக்கும் எனக்கே 1400 ஆகியிருந்தது, ஆகவே கையில் நின்றது 900 சொச்சம்தான். கைவேலைக்கு அது கூலியே ஆகாது. வருமானம் என்று நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம். ஆனாலும் அந்தப் போர்வை இப்போது யார் வீட்டுக் கட்டிலிலோ கிடக்கிறது என்பது எனக்கு நிறைவாக இருக்கிறது. ஆயாவின் சேலை, ஆத்தாவின் சேலை என்று வீட்டுத் துணி கலந்த எதையும் விற்கக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். விற்கக் கொடுத்ததற்கு ரசீது கிடையாது, ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். நான் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அவர்களுக்கே வாட்ஸப்பில் அனுப்பி வைத்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். சொன்ன தேதிக்கு வேலை முடியாது. தீபாவளிக்கு முந்தைய மாதம் போர்வை வேலையை எடுப்பதே இல்லை.

போர்வையை வீட்டில் ஒருமுறை துவைத்து, நிழலில் காயவைத்து எடுத்துப் போங்கள். பருத்திப் பஞ்சு வைத்தது முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும், அதற்குப் பிறகு அளவெடுத்தால்தான் பையும் உறையும் சரியாக உட்காரும். காலை பத்தரைக்கு மேல் போனால் அவரே இருப்பார். ஞாயிறு விடுமுறை. ஜிபே வாங்கிக்கொள்கிறார்கள்.