வாஷிங் மெஷின் மக்கர் பண்ணா நாமளே பாக்குறதா, மெக்கானிக்க கூப்பிடுறதா?

தண்ணி வெளிய போகாம துணி அப்படியே ஊறிக்கிட்டு நிக்குதுன்னா உடனே போன எடுக்காதீங்க. முன்பக்கம் கதவு இருக்குற ஃப்ரண்ட் லோடு மெஷின்ல கீழ ஓரமா ஒரு சின்ன மூடி இருக்கும், அதுக்குள்ளதான் டிரெய்ன் ஃபில்டர், அதாவது தண்ணி வெளிய போற வழில குப்பைய புடிக்கிற வடிகட்டி; பிளக்க புடுங்கிட்டு, சுடுதண்ணில ஓடிருந்தா ஆறவிட்டு, கீழ ஒரு தட்டு வெச்சு மெதுவா திருகுனா தேங்குன தண்ணியோட சில்லறை, ஹேர்பின், நூல் கத்தைன்னு எல்லாம் வரும், நிறைய கேஸு இங்கயே முடிஞ்சிரும். இதுக்குப் போயி மெக்கானிக்குக்கு விசிட் சார்ஜ் குடுக்குறது நெஜமாவே வேஸ்ட்டுங்க.

தண்ணி மெதுவா ஏறுதா? டேப்ப மூடிட்டு, பின்னாடி தண்ணி உள்ள வர்ற இன்லெட் ஹோஸ கழட்டி அந்த சின்ன வலைய பழைய பிரஷ்ஷால தேயுங்க, போர் தண்ணி வீடுன்னா மண்ணும் உப்பும் அடைச்சிருக்கும். ஸ்பின்ல டங்கு டங்குனு ஆடுனா பெட்ஷீட் ஒரே பக்கம் சுருண்டிருக்கான்னு பாருங்க, நாலு காலும் தரையில சமமா நிக்குதான்னும் பாருங்க.

ஆனா மெஷின தொட்டா ஷாக் அடிக்குது, கருகுன வாடை வருது, உள்ள இருக்குற சர்க்யூட் போர்டு போயிருக்கும்னு தோணுதுன்னா கை வைக்கவே வேணாம், பிளக்க எடுத்தப்புறமும் கபாசிட்டர்ல (கரண்ட சேத்து வெக்கிற பார்ட்) கரண்ட் தங்கி இருக்கும். டிரம்ம கையால சுத்தும்போதே கரகரன்னு சத்தம் வந்தா அது பெரும்பாலும் பேரிங், முழுசா பிரிக்கணும், வீட்ல ஆகுற வேலையில்ல. வாரண்டி இருந்தா கம்பெனி ஆள மட்டும் கூப்பிடுங்க. வெளி ஆளுன்னா ரேட்ட முன்னாடியே பேசிட்டு, மாத்துன பழைய பார்ட்ட கேட்டு வாங்கி வெச்சுக்கங்க.