தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21): மூலத் தரவோடு நீண்ட நாள் பழகியதில் தெரிந்தவை

குழந்தைகளின் வளர்ச்சி, ரத்தசோகை, தடுப்பூசி ஆகியவற்றை மாவட்ட அளவில் ஆராய, இலவசமாகக் கிடைப்பதில் இதற்கு ஈடான தரவு இந்தியாவில் இல்லை என்றே சொல்வேன். 707 மாவட்டங்கள், 6,36,699 வீடுகள், 7,24,115 பெண்கள். விண்ணப்பித்து அனுமதி பெற்றால் தனிநபர் அளவிலான கோப்புகளே கைக்கு வரும்.

வந்ததும் ரிக்ரெஷனுக்குள் (காரணிகளுக்கிடையே தொடர்பைக் கணக்கிடும் முறை) இறங்க வேண்டாம். அறிக்கையில் அச்சான ஓர் எண்ணை முதலில் அப்படியே வரவழைத்துப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 35.5 சதவீதம். பலருக்கு இது வராது. முதல் காரணம், கோப்பே வேறு. அறிக்கை எடுப்பது வீட்டு உறுப்பினர் கோப்பை. குழந்தைகள் கோப்பில் பேட்டி தந்த தாயின் பிள்ளைகள் மட்டுமே இருப்பார்கள், தாயை இழந்த குழந்தை அதில் இருக்காது. முந்தைய இரவு அந்த வீட்டில் தங்கியவர்களை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும் (கோப்பில் ஹெச்வி103 என்ற பத்தியின் மதிப்பு 1). இசட் மதிப்பு (அந்த வயதின் இயல்பு உயரத்திலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி என்பது) நூறால் பெருக்கிப் பதிவாகியிருக்கும், ஆகவே குறைபாட்டுக்கான எல்லை -2 அல்ல, -200. 9996, 9997, 9998 ஆகியவை அளவுகள் அல்ல, குறியீடுகள். நீக்காமல் விட்டால் அந்தக் குறியீடு உள்ளவர்களும் நல்ல உயரமுள்ள குழந்தைகளாக எண்ணப்பட்டு, குறைபாடு குறைந்ததாகத் தெரியும். சராசரியோ எங்கோ போய்விடும்.

வெயிட்டை (மாதிரியில் உள்ள ஒவ்வொருவருக்கும் தரும் எடை எண்) பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். வகுக்காவிட்டால் சதவீதம் மாறாது, எண்ணிக்கைதான் கெடும். வெயிட் மட்டும் போட்டு, கிளஸ்டரையும் (மாதிரிக்குத் தேர்ந்த ஊர் அல்லது பகுதி) ஸ்ட்ராட்டாவையும் (மாதிரி எடுக்குமுன் பிரித்த அடுக்குகள்) விட்டுவிட்டால் ஸ்டாண்டர்ட் எரர் (மதிப்பீடு எவ்வளவு ஆடும் என்ற அளவு) பெரும்பாலும் உண்மையைவிடச் சிறிதாக வரும். ஸ்ட்ராட்டாவுக்கான பத்தி வி022-ஆ, வி023-ஆ என்பது ஆய்வின் சுற்றுக்குச் சுற்று மாறும்; ஆவணத்தைப் பார்த்தே போடுங்கள். ஒரு பிரிவினரை மட்டும் ஆராயும்போது மற்ற வரிசைகளை அழிக்காதீர்கள். அழித்தால் அந்தப் பிரிவினர் இல்லாத கிளஸ்டர்கள் மறைந்து ஸ்டாண்டர்ட் எரர் தவறாகும். ஸ்டேட்டா மென்பொருளில் சப்பாப் கட்டளையைப் போடுங்கள்; ஆர் மென்பொருளில் முதலில் முழுத் தரவுக்கும் டிசைனை (வெயிட், கிளஸ்டர், ஸ்ட்ராட்டா) அமைத்து, பிறகு சப்செட்.

குடும்ப வன்முறைக் கேள்விகள் வீட்டுக்கு ஒரு பெண்ணிடம், அதுவும் மாதிரியின் ஒரு பகுதியில் மட்டுமே கேட்கப்பட்டவை. இதற்குத் தனி வெயிட் உண்டு: டி005. வி044 = 1 என வடிகட்டி இதைப் போடுங்கள்; மாவட்ட வாரியாகப் பிரிக்கவே கூடாது.

செல்வக் குறியீட்டின் (வீட்டின் உடைமைகள், வசதிகளைக் கொண்டு கணக்கிட்டது) ஐந்து பிரிவுகளும் நாடு முழுமைக்கும் வகுத்தவை. தமிழ்நாட்டை மட்டும் எடுத்தால் கீழ்ப்பிரிவில் ஆட்கள் மிகக் குறைவு, மதிப்பீடு ஆடும். வி191 மதிப்பெண்ணைக் கொண்டு மாநிலத்துக்குள்ளேயே புதிதாகப் பிரிப்பது மேல்.

இந்தத் தரவில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்களே உள்ளன. தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை ஆகியவை அவற்றின் பழைய தாய் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும். இங்கே களப்பணி பொதுமுடக்கத்துக்கு முன்பும் பின்பும் இரண்டு கட்டமாக நடந்தது. பேட்டி நாள் வி008-இல் 1900 முதல் எண்ணிய மாதமாக இருக்கும். 1441 என்றால் 2020 ஜனவரி. எந்த மாவட்டம் எந்தக் கட்டத்தில் வந்தது என்று அட்டவணை போட்டுப் பார்க்காமல், இரண்டு கட்டங்களின் வித்தியாசத்தைப் பொதுமுடக்கத்தின் விளைவென்று எழுதிவிடாதீர்கள்.